ஏபி வகுப்பை இடையில் விடுவது: டெக்சஸ் பெற்றோருக்கான விவாத இழை

வாசகர் கேள்வி, செப்டம்பர் 4, 2024

மகள் பதினொன்றாம் வகுப்பு. டாலஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் அரசுப் பள்ளியில் படிக்கிறாள். இந்த ஆண்டு நான்கு ஏபி பாடங்கள் (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடங்கள்). ஏபி இயற்பியல் 1 முதல் தேர்வில் 61 வந்திருக்கிறது. ரெகுலர் இயற்பியலுக்கு மாறிவிடுகிறேன் என்கிறாள். மாற்றிக்கொள்ளும் காலம் ஆகஸ்டோடு முடிந்துவிட்டது, இனி முதல் மதிப்பெண் காலமான ஒன்பது வாரம் முடிந்த பிறகுதான் விண்ணப்பிக்கலாம் என்கிறார் கவுன்சிலர் (பள்ளியில் பாடத் தேர்வுக்கு வழிகாட்டுபவர்). பாடம் ஒத்துவருமா வராதா என்று இரண்டு வாரத்தில் ஒரு பிள்ளைக்கு எப்படித் தெரியும்? பிள்ளைகளை உள்ளே இழுத்துவிட்டுத் தாழ்போடும் விதி இது என்பது என் கருத்து. என் கணவரோ, விட்டால் டிரான்ஸ்கிரிப்டில் (கல்லூரிக்குப் போகும் மதிப்பெண் பதிவேட்டில்) கறை விழும், பல்லைக் கடித்துக்கொண்டு படிக்கட்டும் என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

பதில், செப்டம்பர் 4, இரவு

தாழ்போடும் விதிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தேதியைக் குறித்தவர்கள் உங்கள் மகளையோ வேறு எந்தப் பிள்ளையையோ மனத்தில் வைத்துக் குறிக்கவில்லை. இங்குள்ள பள்ளிகளில் அடுத்த ஆண்டுக்கான பாடத் தேர்வு பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியிலேயே நடந்துவிடுகிறது. ஏபி இயற்பியல் கேட்டவர்கள் எத்தனை பேர், ரெகுலர் கேட்டவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர்களைப் பிரித்துக் கொடுக்கிறார்கள். எந்த ஆசிரியருக்கு எந்தப் பீரியட், எந்த அறை என்ற பெரிய அட்டவணை கோடை விடுமுறைக்கு முன்பே உருவாகிவிடுகிறது. பள்ளி திறந்த பிறகு இருபது பேர் ஏபியிலிருந்து இறங்கினால் அங்கே வகுப்பு பாதி காலியாகும், இங்கே ரெகுலர் வகுப்பில் ஆய்வுக்கூட மேசை போதாது. அதனால்தான் தொடக்கத்தில் ஓரிரு வாரம், முதல் மதிப்பெண் காலம் முடியும்போது சில நாள், செமஸ்டர் முடியும்போது சில நாள் என்று அனுமதித்துவிட்டு, மற்ற நாள்களில் மறுத்துவிடுகிறார்கள்.

கடந்த பிப்ரவரியில் பாடத் தேர்வுத் தாளில் நீங்களும் கையெழுத்திட்டிருப்பீர்கள். பெரும்பாலான பள்ளிகளில் அந்தத் தாளிலோ அதனுடன் வரும் பாட விவர நூலிலோ இந்த விதி எழுதப்பட்டிருக்கும். அதை அப்போது யாரும் படிப்பதில்லை, நானும் படித்ததில்லை. இப்போது எடுத்துப் படித்துவிட்டுக் கவுன்சிலரிடம் இரண்டு கேள்விகளை மின்னஞ்சலில் கேளுங்கள், வாய்வார்த்தை போதாது. ஏபியில் இதுவரை வாங்கிய மதிப்பெண் ரெகுலர் வகுப்புக்குக் கூடவே வருமா, வந்தால் அப்படியே வருமா, கூட்டித் தருவார்களா? ரெகுலர் இயற்பியல் எந்தெந்தப் பீரியடில் நடக்கிறது, அதில் இடம் இருக்கிறதா? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் விடலாமா கூடாதா என்று வீட்டில் சண்டை போடுவது வீண்.

செப்டம்பர் 5

மதிப்பெண் கூடவே வருவதில் அப்படி என்ன இருக்கிறது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். எல்லாமே அதில்தான் இருக்கிறது. இந்தப் பக்கத்துப் பள்ளி மாவட்டங்கள் (ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்புகள்) பலவற்றில் எடை சேர்த்த ஜிபிஏ உண்டு, அதாவது கடினமான பாடத்துக்குக் கூடுதல் புள்ளி தரும் சராசரி. நூற்றுக்கு நூறு வாங்கினால் ஏபி பாடத்துக்கு 6.0, ரெகுலர் பாடத்துக்கு 5.0, ஒவ்வொரு மதிப்பெண் குறையும்போதும் 0.1 குறையும் என்று கணக்கிடும் மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே ஏபியில் 80 வாங்குவதும் ரெகுலரில் 90 வாங்குவதும் ஒன்றுதான்; இரண்டும் 4.0. ஆகவே ரேங்கை மட்டும் பார்த்தால், இறங்கினால் பத்து மதிப்பெண்ணுக்கு மேல் கூடுமா என்பதே கேள்வி.

இப்போது உங்கள் மகள் ஒன்பது வாரம் முடிவில் 74 உடன் இறங்குகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 74 அப்படியே ரெகுலருக்கு வருகிறது, அடுத்த ஒன்பது வாரத்தில் அவள் 94 வாங்குகிறாள். செமஸ்டர் இறுதித் தேர்வை விட்டுவிட்டுப் பார்த்தால் சராசரி 84, அதாவது 3.4. இறங்காமல் ஏபியிலேயே இருந்து அடுத்த காலத்தில் 80 வாங்கியிருந்தால் சராசரி 77, ஜிபிஏ கணக்கில் 3.7. சுலபமான வகுப்புக்குப் போய், நன்றாகப் படித்து, குறைவாக வாங்குகிறாள்! இதே மாவட்டம் இறங்கும்போது பத்து மதிப்பெண் கூட்டித் தருமானால் 74 என்பது 84 ஆகிவிடும், சராசரி 89, ஜிபிஏ 3.9. ஒரே பிள்ளை, ஒரே உழைப்பு, விதியில் ஒரு வரி மாறினால் முடிவே தலைகீழாகிறது. கூட்டித் தரும் மாவட்டங்களும் உண்டு, தராத மாவட்டங்களும் உண்டு, பக்கத்துப் பக்கத்து ஊர்களிலேயே வேறுபடும். நண்பர் வீட்டில் கேட்டதை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

செப்டம்பர் 5, மாலை

நான் கவுன்சிலரா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. கவுன்சிலர் அறைக்கு வெளியே போட்டிருக்கும் நாற்காலியில் பல மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன், தகுதி அவ்வளவுதான்.

செப்டம்பர் 7

என் மகன் விஷயத்தைக் கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். அவன் இப்போது கல்லூரியில் இருக்கிறான். எழுத அனுமதி வாங்கிவிட்டேன். பத்தாம் வகுப்பில் ஏபி வேதியியல் எடுத்தான். எடுத்தது அவன், எடுக்க வைத்தது நாங்கள், அதற்கு முன்பே அவன் நண்பர்கள் மூவர் எடுத்திருந்தது இன்னொரு காரணம். அக்டோபரில் விட வேண்டும் என்றபோது பள்ளி ஒரு படிவம் கொடுத்தது. ஒரே பக்கம். மாணவர் காரணம் எழுதுவதற்கு நான்கு கோடுகள், அதற்குக் கீழே ஆசிரியர் நிரப்ப வேண்டிய பகுதி: மாணவர் டியூட்டோரியலுக்கு வந்த தேதிகள், செய்யாமல் விட்ட வீட்டுப்பாடங்கள், பெற்றோருடன் பேசிய தேதி. இங்கே டியூட்டோரியல் என்பது காசு கொடுத்துப் போகும் டியூஷன் இல்லை. பள்ளி தொடங்குவதற்கு முன்போ முடிந்த பின்போ ஆசிரியர் அறையில் உட்கார்ந்து சந்தேகம் கேட்கும் நேரம். அந்தத் தேதிகளுக்கான கட்டம் என் மகனுடைய தாளில் வெறுமையாக இருந்தது. ஆசிரியை அதைப் பார்த்துவிட்டு, கோபமே இல்லாமல், “மூன்று முறை வா, அதன்பின் இந்தத் தாளைக் கொண்டுவா, கையெழுத்திடுகிறேன்” என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்.

எனக்கு அன்று எரிச்சலாக இருந்தது. பிள்ளை தத்தளிக்கும்போது தாளில் தேதி கேட்கிறார்களே என்று தோன்றியது. ஆனால் அவன் போனான். மோல் கணக்கில் அலகுகளை எழுதாமல் எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு போவதுதான் அவனுடைய பாதித் தொல்லை என்பதை அந்த அம்மையார் கண்டுபிடித்தார். அலகை எழுதிப் பழகிய பிறகு அவன் தேறினானா என்றால், பாதி தேறினான். மீதிப் பாதிக்கு அந்த வகுப்பின் வேகம் காரணம். வாரத்துக்கு ஒரு ஆய்வு அறிக்கை, அதோடு மற்ற பாடங்கள். கடைசியில் விட்டுவிட்டான், அதில் எனக்கு வருத்தம் இல்லை.

வருத்தம் வேறொன்றில். ரெகுலர் வேதியியலில் இடம் இருந்தது ஐந்தாம் பீரியடில் மட்டும். அவனுடைய ஆர்க்கெஸ்ட்ரா அதே ஐந்தாம் பீரியட், அதற்கு வேறு பீரியடே கிடையாது. ஒரு பாடத்தை இழுத்ததும் அட்டவணை முழுவதும் கூடவே வந்தது. வரலாறு காலையிலிருந்து மாலைக்குப் போனது, கணித ஆசிரியர் மாறினார், வயோலாவை அந்த ஆண்டு வீட்டில்தான் வாசித்தான். இரண்டாவது கேள்வியாகப் பீரியடைக் கேட்கச் சொன்னது இதனால்தான்.

செப்டம்பர் 8

இனி உங்கள் கணவர் சொல்லும் கறை. இரண்டு வேறு நிகழ்ச்சிகளை நம்மவர்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஏபியிலிருந்து அதே பாடத்தின் ரெகுலர் வகுப்புக்கு இறங்குவது மட்டம் மாறுவது. பல பள்ளிகளில் அதற்கு டிரான்ஸ்கிரிப்டில் தனிக் குறியீடு எதுவும் விழுவதில்லை, செமஸ்டர் முடிவில் இருக்கும் வகுப்பின் பெயரும் மதிப்பெண்ணும் மட்டும் பதிவாகும். பாடத்தையே விட்டுவிட்டு அந்தப் பீரியடில் வேறு எதற்கோ போவது விலகல். தேதி தாண்டி விலகினால் சில பள்ளிகள் டபிள்யூ (விலகினார்) என்று பதிகின்றன, அதிலும் தோல்வி நிலையில் விலகினால் டபிள்யூஎஃப் என்று பதிந்து ஜிபிஏவில் பூஜ்யமாகவோ தோல்வியாகவோ கணக்கிடுகிற பள்ளிகளும் உண்டு. முதலாவதற்கு அஞ்ச வேண்டியதில்லை. இரண்டாவதில் தேதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கல்லூரிகள் கவனிப்பது வேறு இடத்தில். காமன் ஆப் (பல கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பம்) வழியாக விண்ணப்பிக்கும்போது கவுன்சிலர் நிரப்பும் படிவத்தில், உங்கள் பள்ளியில் கிடைக்கும் பாடங்களோடு ஒப்பிட்டால் இந்த மாணவரின் பாடத் தேர்வு எவ்வளவு கடினமானது என்று ஒரு கேள்வி இருக்கிறது. மிகக் கடினமானது என்பதிலிருந்து கீழே இறங்கும் படிகள். நான்கு ஏபி எடுத்த பிள்ளை மூன்று ஏபிக்கு வந்ததால் அந்தப் படி மாறுமா என்பதைக் கவுன்சிலர்தான் சொல்ல முடியும். அதையும் நேராகவே கேட்கலாம், தவறாக நினைக்கமாட்டார்கள்.

இதில் பன்னிரண்டாம் வகுப்பு மட்டும் தனி. விண்ணப்பத்தில் இன்னின்ன பாடம் படிக்கிறேன் என்று எழுதி அனுப்பிவிட்டு, அனுமதி வந்தபின் ஜனவரியில் ஒன்றை விட்டால் கல்லூரிக்குத் தெரிவித்தாக வேண்டும். அனுமதிக் கடிதமே அந்தப் பாடங்களை முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் வருகிறது. கலிபோர்னியப் பல்கலைக்கழகம் இதில் மிகக் கறார்.

செப்டம்பர் 12

யூடி ஆஸ்டின் (ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம்) அறிவிப்பைப் பார்த்திருப்பீர்கள். 2026 இலையுதிர் காலத்தில் சேர்பவர்கள் முதல், தானாக அனுமதி கிடைக்கும் எல்லை வகுப்பின் முதல் ஆறு விழுக்காட்டிலிருந்து ஐந்து விழுக்காடாகக் குறைகிறது. அதாவது இப்போது பதினொன்றாம் வகுப்பில் இருக்கும் இதே பிள்ளைகளிடமிருந்து தொடங்குகிறது. 1997இல் சட்டம் கொண்டுவந்தபோது முதல் பத்து விழுக்காடு. 2009இல் ஆஸ்டினுக்கு மட்டும் தனி ஏற்பாடு செய்து, டெக்சஸ் மாணவர்களுக்கான இடங்களில் 75 விழுக்காட்டை இந்த வழியில் நிரப்பினால் போதும் என்று ஆக்கினார்கள். விண்ணப்பம் பெருகப் பெருக எல்லை சுருங்கிக்கொண்டே வருகிறது.

நேற்று முதல் இந்த இழையில் தொனி மாறிவிட்டது, கவனிக்கிறேன். “ஒரு பாயிண்ட் கூட விடக் கூடாது” என்று மூவர் எழுதியிருக்கிறீர்கள். அறுநூறு பேர் உள்ள வகுப்பில் ஐந்து விழுக்காடு என்றால் முப்பது பேர். 61 வாங்கிய ஏபி இயற்பியலைப் பிடித்துக்கொண்டிருப்பதால் யாரும் அந்த முப்பதில் சேரப்போவதில்லை. செப்டம்பர் 5 கணக்கை இன்னொரு முறை பாருங்கள். மேலும் அந்தத் தானியங்கி அனுமதி பல்கலைக்கழகத்துக்கு மட்டுமே. கணினி அறிவியலோ பொறியியலோ கிடைக்கும் என்று அதில் உறுதி இல்லை, அதற்குத் தனியாகப் பார்க்கிறார்கள். நம் வீடுகளில் வேண்டுவதோ அந்த இரண்டும்தான்.

செப்டம்பர் 15

மதிப்பெண் குறைந்தால் பள்ளி பேண்டில் (இசைக்குழுவில்) வாசிக்க விடுவார்களா என்று ஹூஸ்டன் நண்பர் கேட்டது நல்ல கேள்வி. 1984இல் வந்த ஹவுஸ் பில் 72 என்ற சட்டம் முதல் டெக்சஸில் ‘தேறினால்தான் ஆட்டம்’ விதி இருக்கிறது. தொழிலதிபர் ராஸ் பெரோ தலைமை தாங்கிய குழுவின் பரிந்துரைகளிலிருந்து வந்தது அது. மதிப்பெண் காலத்தில் எந்தப் பாடத்திலாவது 70க்குக் கீழே போனால் போட்டிகளில் கலந்துகொள்ள முடியாது. கால்பந்துக்கு மட்டும் இல்லை, மாநிலப் பள்ளிப் போட்டி அமைப்பான யுஐஎல் நடத்தும் பேண்ட், ஆர்க்கெஸ்ட்ரா, விவாதப் போட்டிகளுக்கும் சேர்த்துத்தான். ஆனால் ஏபி, ஐபி போன்ற உயர்மட்டப் பாடங்களுக்கு விதிவிலக்கு உண்டு. ஏபி இயற்பியலில் 66 வாங்கிய பையன் அக்டோபர் அணிவகுப்புப் போட்டியில் டிரம்பெட் ஊதலாம், ரெகுலர் இயற்பியலில் 66 வாங்கினால் வெளியே நிற்க வேண்டும். விதிவிலக்கைப் பள்ளி மாவட்டம் எப்படிச் செயல்படுத்துகிறது என்பதில் வேறுபாடு உண்டு, பேண்ட் இயக்குநரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பேண்டுக்காக ஏபியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். அக்டோபர் முடிந்ததும் கவுன்சிலர் அறையில் கூட்டம் கூடும்.

செப்டம்பர் 21

வாஷிங்டன் மாநிலத்தின் சம்மாமிஷிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார்: அவர்கள் மாநிலத்தில் பிள்ளை கேட்காமலே உயர்மட்ட வகுப்பில் போட்டுவிடுகிறார்கள், வேண்டாம் என்றால் பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். சரிதான். வாஷிங்டன் மாநிலத்தில் 2019இல் வந்த சட்டம் எல்லாப் பள்ளி மாவட்டங்களையும் அப்படி ஒரு விதி வகுக்கச் சொல்கிறது: மாநிலத் தேர்வில் நிர்ணயித்த அளவை எட்டிய மாணவர் அடுத்த கடினமான வகுப்பில் தானாகச் சேர்க்கப்படுவார். டெக்சஸும் 2023இல் கணிதத்துக்கு மட்டும் இதைக் கொண்டுவந்தது. ஐந்தாம் வகுப்புக் கணிதத்தில் மேல் நாற்பது விழுக்காட்டில் வந்த பிள்ளையை ஆறாம் வகுப்பில் உயர்மட்டக் கணிதத்தில் சேர்க்க வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் உரிமை பெற்றோருக்கு.

சிலர் இதைத் திணிப்பு என்கிறீர்கள். நான் உடன்படவில்லை. இந்தச் சட்டங்களுக்கு முன்பு ஆசிரியர் பரிந்துரைத்தால்தான் நுழைவு, அல்லது பெற்றோர் விடாமல் கேட்டால்தான் நுழைவு. விடாமல் கேட்பதில் நம் சமூகத்துக்குச் சமமானவர்கள் இல்லை. கேட்கத் தெரியாத வீட்டுப் பிள்ளைகள்தான், மதிப்பெண் இருந்தும், வெளியே நின்றார்கள். நம் பிள்ளைகளின் சிக்கல் நேர் எதிரானது. ஊரில் பத்தாம் வகுப்பு முடித்து நல்ல மதிப்பெண் வாங்கினால் ‘ஃபர்ஸ்ட் குரூப்’தான், வேறு எதை எடுத்தாலும் மார்க் குறைந்துபோச்சா என்று தெருவே கேட்கும் என்ற நினைவோடு வளர்ந்தவர்கள் நாம். ஏபி பட்டியலை அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறோம். அங்கே குரூப் என்பது இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து ஒரே முடிவு. இங்கே பாடம் பாடமாக, ஆண்டு ஆண்டாக மாற்றிக்கொள்ளலாம். கணிதத்தில் ஏபியும் வரலாற்றில் ரெகுலரும் எடுத்தால் யாரும் எதுவும் நினைக்கமாட்டார்கள், நம் பொட்லக் விருந்துகளைத் தவிர.

பள்ளிக்கும் இதில் அக்கறை உண்டு என்பதைச் சொல்ல வேண்டும். டெக்சஸ் பள்ளிகளுக்கு மாநிலம் வழங்கும் ஏ முதல் எஃப் வரையான தரத்தில், பட்டம் பெறுபவர்கள் கல்லூரிக்கும் வேலைக்கும் ஆயத்தமா என்ற பகுதி இருக்கிறது. ஏபி தேர்வில் 5க்கு 3 வாங்கியவர் அதில் கணக்கில் சேர்கிறார். எடு எடு என்று சொல்லும் குரலில் பிள்ளையின் நலமும் இருக்கிறது, இந்தக் கணக்கும் இருக்கிறது.

அக்டோபர் 6

கேள்வி கேட்டவருக்குத் திரும்ப வருகிறேன். மகள் மறுதேர்வு எழுதி 61ஐ 70 ஆக்கிவிட்டாள், இரண்டாம் தேர்வில் 76 என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்த பிறகு முதல் நாள் எழுதியதை விடச் சற்று அதிகமாகவே பள்ளியின் பக்கம் சாய்கிறேன். ஓரிரு வாரத்தில் விட அனுமதிப்பது போதாது என்று நீங்கள் சொன்னது உண்மை. ஆனால் முதல் தேர்வு முடிந்த மறுநாளே விட அனுமதிக்கும் பள்ளியில், ஏபி இயற்பியல் வகுப்பில் பாதிப் பேர் மிஞ்சமாட்டார்கள். அந்தப் பாடத்தின் முதல் தேர்வு எங்கும் அடிதான். ஒன்பதாம் வகுப்பு முதல் சூத்திரத்தில் எண்ணைப் போட்டு விடை எழுதிப் பழகிய பிள்ளையிடம், வண்டியின் நிறையை இரண்டு மடங்காக்கினால் முடுக்கம் என்னவாகும், எண் இல்லாமல் காரணத்தோடு எழுது என்கிறார்கள். கணக்குத் தெரியாததால் தவறுவதில்லை, ஏன் என்று வாக்கியமாக எழுதத் தெரியாததால் தவறுகிறது. 2024 மே தேர்வில்கூட இந்தப் பாடத்தில் 3 அல்லது அதற்கு மேல் வாங்கியவர்கள் பாதிக்கும் குறைவு. இந்த ஆண்டு பாய்மங்கள் என்ற பகுதியை ஏபி இயற்பியல் 2 பாடத்திலிருந்து எடுத்து இதில் சேர்த்திருக்கிறார்கள், ஆகவே அண்ணன் அக்காவின் பழைய குறிப்பேட்டை மட்டும் நம்ப முடியாது.

விட வேண்டிய அடையாளம் வேறு. தூக்கம் கெடுகிறதா, ஒரு பாடத்துக்காக மற்ற மூன்றும் சரிகின்றனவா, ஆசிரியரிடம் போய்க் கேட்டும் தெளியவில்லையா? இவை இருந்தால் 85 வாங்கினாலும் விடலாம். இல்லையென்றால் 70இலும் இருக்கலாம்.

அக்டோபர் 7

“தூக்கம் கெடாத ஏபி பிள்ளையைக் காட்டுங்கள்” என்று எழுதியவருக்கு: நியாயம். ஆனால் பன்னிரண்டு மணிக்குப் படுப்பதற்கும் இரண்டு மணிக்கு எழுந்து அழுவதற்கும் வித்தியாசம் உண்டு.

அக்டோபர் 19

விட்டுவிட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏபி அமெரிக்க வரலாற்றில் இரண்டு கட்டுரைகள் அரைகுறையாகப் போனதுதான் காரணம், இயற்பியல் மதிப்பெண் காரணம் இல்லை என்கிறீர்கள், நல்ல காரணம். மாவட்டம் பத்து மதிப்பெண் கூட்டித் தந்தது, டிரான்ஸ்கிரிப்டில் குறி எதுவும் இல்லை. பீரியட் மாறியதால் அவளுக்குப் பிடித்த ஆங்கில ஆசிரியை போய்விட்டார் என்பதைப் படித்தபோது சங்கடமாகத்தான் இருந்தது. அந்த ஆசிரியையிடம் அவள் நேரில் போய்ச் சொல்லட்டும். அடுத்த ஆண்டு பரிந்துரைக் கடிதத்துக்கு அவரையே கேட்கலாம், ஒன்பது வாரம் கற்பித்தவர் மறுக்க வேண்டியதில்லை.

நவம்பர் 9

விட்டவர்களும் விடப்போகிறவர்களும் இன்றே பார்க்க வேண்டியது தேர்வுக் கட்டணம். வகுப்பு வேறு, மே மாதத் தேர்வு வேறு. வகுப்பைப் பள்ளி நடத்துகிறது, தேர்வை காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்துகிறது. 2025 மே தேர்வுக்கு ஒரு பாடத்துக்கு 99 டாலர், பள்ளிகள் நவம்பர் 15க்குள் தேர்வுத்தாள் எண்ணிக்கையைக் கொடுத்தாக வேண்டும், பள்ளிக்குள் வைக்கும் கடைசி நாள் அதற்கும் முன்னால் இருக்கும். அதன்பிறகு ரத்து செய்தால் 40 டாலர் பிடித்துக்கொள்வார்கள், தாமதமாகச் சேர்ந்தாலும் கூடுதலாக 40. முன்பெல்லாம் வசந்த காலத்தில் பதிந்தோம். 2019-20 முதல்தான் இலையுதிர் காலத்துக்குக் கொண்டுவந்தார்கள். பிள்ளை அக்டோபரில் வகுப்பை விட்டிருந்தாலும் தேர்வுப் பதிவு தானாக நீங்கும் என்று எண்ணிவிடாதீர்கள். ஏபி ஒருங்கிணைப்பாளரிடம் தனியாகச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள்.

வகுப்பில் இருந்துகொண்டே தேர்வை எழுதாமல் விடலாமா என்று கேட்டவருக்கு: காலேஜ் போர்டு கட்டாயப்படுத்துவதில்லை. வகுப்பில் சேராமல் தேர்வு மட்டும் எழுதவும் விடுகிறது. ஆனால் தேர்வு எழுதாதவருக்கு ஜிபிஏவில் கூடுதல் எடை இல்லை என்று விதி வைத்திருக்கும் பள்ளிகள் உண்டு. டெக்சஸில் தேர்வை எழுதிவிடுவது லாபம் என்பேன். 2015 சட்டப்படி இங்குள்ள அரசுக் கல்லூரிகள் 3 வாங்கினாலே கிரெடிட் (அந்தக் கல்லூரிப் பாடத்தை முடித்ததாகக் கணக்கு) தர வேண்டும். அதற்கு மேல் வேண்டுமென்றால், அந்தப் பாடத்துக்கு 3 போதாது என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும்.

இன்னொரு வழியையும் சொல்லிவிடுகிறேன், கவுன்சிலர்கள் சில நேரம் சொல்ல மறந்துவிடுகிறார்கள். யூடி ஆஸ்டின் நடத்தும் ஆன்ராம்ப்ஸ் வகுப்பு (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரிப் பாடம்) உங்கள் பள்ளியில் இருந்தால் பாருங்கள். அதில் பள்ளி மதிப்பெண் வேறு, கல்லூரி மதிப்பெண் வேறு. கல்லூரி மதிப்பெண் வந்தபின் கிரெடிட் வேண்டுமா வேண்டாமா என்று மாணவர் முடிவு செய்யலாம். மே மாதத்தின் ஒரு நாள் தேர்வை நினைத்து நடுங்கும் பிள்ளைக்கு இது பொருந்தும். வெளிமாநிலக் கல்லூரிகள் அந்தக் கிரெடிட்டை ஏற்குமா என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 26, 2025

பன்னிரண்டாம் வகுப்புக்கான பாடத் தேர்வுத் தாள் வந்துவிட்டது, மகள் ஏபி இயற்பியல் சி எடுக்க விரும்புகிறாள், ஏபி இயற்பியல் 1ஐ விட்டவளை எப்படி நம்பிச் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். சேர்க்கலாம். இயற்பியல் சி நுண்கணிதத்தோடு நடப்பது, ஏபி இயற்பியல் 1ஐ முடித்திருக்க வேண்டும் என்று காலேஜ் போர்டு சொல்லவில்லை. நுண்கணிதம் முன்பே படித்திருக்க வேண்டும், அல்லது கூடவே படிக்க வேண்டும். உங்கள் பள்ளி தனியாக ஏதும் முன்தேவை வைத்திருக்கிறதா என்று பாட விவர நூலில் பாருங்கள். இந்த ஆண்டு ரெகுலர் இயற்பியலில் 96 வாங்கிக்கொண்டிருக்கிறாள், நுண்கணிதம் பிடித்திருக்கிறது, தானாகக் கேட்கிறாள். மூன்றும் சென்ற பிப்ரவரியில் இல்லாதவை.

கையெழுத்திடும் முன் இந்த முறை இவற்றைக் கேட்டுவிடுங்கள்: அந்த வகுப்பு ஒரே பீரியடில்தான் நடக்குமா, இறங்க வேண்டி வந்தால் இறங்குவதற்கு ரெகுலர் வகுப்பு என்று ஒன்று இருக்கிறதா? பல பள்ளிகளில் இயற்பியல் சிக்குக் கீழே அந்த ஆண்டில் வேறு இயற்பியலே கிடையாது. விட்டால் மட்டம் மாறுவதாக ஆகாது, விலகலாகிவிடும், அதுவும் கல்லூரி விண்ணப்பம் போகும் இலையுதிர் காலத்தில். அப்படியானால் நான்காவது அறிவியல் பாடத்தைச் சூழலியலோ உடற்கூறியலோ ஒன்றில் தனியாக முடித்துக்கொண்டு, இயற்பியல் சியைக் கூடுதல் பாடமாக வைக்க முடியுமா என்று பாருங்கள். தாள் பிப்ரவரி 7க்குள் திரும்பப் போக வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள், வெள்ளிக்கிழமை. திங்களன்றே கவுன்சிலருக்கு எழுதினால் பதில் வந்துசேர நேரம் இருக்கும்.